சாவா மூவாப் பேராடு

ஒரு ஸ்தாபனம் தன்னைப் பற்றி என்ன சொல்லிக்கொள்கிறது என்பதில் எனக்கு அவ்வளவாக அக்கறையில்லை. வெள்ளம் புகுந்த வீட்டில் முதலில் பரணுக்கு ஏறுவது எது என்று பார்த்தால் அந்த வீட்டாரின் மதிப்பீடுகள் தெரிந்துவிடும். கொள்ளைநோய்க் காலத்தில் பல்கலைக்கழகங்கள் எதைப் பரணுக்கு ஏற்றின, எதை நனையவிட்டன என்ற கேள்வியைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். இது கணக்குப்பிள்ளையின் கேள்வி, இலக்கியக்காரனுக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் நினைக்கக்கூடும். வரவுசெலவுக் கணக்கைப் போல நிர்தாட்சண்யமான தத்துவ நூல் வேறில்லை என்பது என் எண்ணம். எது முதலில், எது பிறகு, எது வேண்டவே வேண்டாம் என்பதை அது மழுப்பாமல் சொல்கிறது. நம் தத்துவவாதிகள் அந்த இடத்துக்கு வரும்போதுதான் தொண்டையைச் செருமிக்கொள்வார்கள்.

ஹார்வர்டை எடுத்துக்கொள்கிறேன். பணமில்லாத ஸ்தாபனத்தின் தார்மீகத்தை எடைபோடுவது சிரமம். இல்லாமை எல்லாவற்றுக்கும் ஒரு சமாதானம் வைத்திருக்கிறது. இருப்பவன் என்ன செய்தான் என்று பார்க்கும்போதுதான் தேர்வு என்பது தெளிவாகத் துலங்கும். 2019 ஜூன் இறுதியில் ஹார்வர்டின் மூலநிதி 4,090 கோடி டாலர். அவ்வளவு பெரிய மூலநிதி வேறெந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அப்போது இல்லை.

2020 மார்ச் 10ஆம் தேதி காலை அந்தப் பல்கலைக்கழகம் தன் இளங்கலை மாணவர்களுக்கு அறிவித்தது: 15ஆம் தேதி ஞாயிறு மாலை 5 மணிக்குள் விடுதிகளைக் காலிசெய்ய வேண்டும், வசந்த விடுமுறைக்குப் பின் யாரும் திரும்பி வரவேண்டாம், மிச்சப் பாடங்கள் இணையவழியில் நடக்கும். ஐந்து நாள் அவகாசம். போக இடமில்லாதவர்கள் மனுப்போட்டுத் தங்கிக்கொள்ள வழி வைத்திருந்தார்கள். மூடியது சரியா தவறா என்று நான் கேட்கவில்லை. மருத்துவக் காரணங்கள் தெளிவாகவே இருந்தன. இரண்டு வாரத்தில் பல்கலைக்கழகத் தலைவர் லாரன்ஸ் பேக்கவுக்கே நோய் கண்டது. நான் பார்க்க விரும்புவது அந்த அறிவிப்பில் ஊகமாகப் பொதிந்திருந்த ஒன்றை: எல்லோருக்கும் ஒரு வீடு இருக்கிறது, அந்த வீட்டில் ஓர் அறை இருக்கிறது, அறையில் மேஜையும் இணைய இணைப்பும் இருக்கின்றன என்ற ஊகம். ஆண்டுக்கு 65,000 டாலருக்குக் குறைவாகச் சம்பாதிக்கும் குடும்பத்துப் பிள்ளைகளிடம் எதுவும் வாங்குவதில்லை என்று பெருமையோடு சொல்லிக்கொண்டிருந்த பல்கலைக்கழகம் அது. அப்படி வந்து சேர்ந்த பிள்ளைக்கு விடுதி என்பது தங்குமிடம் மட்டும்தானா? வேளைக்குச் சோறு, இரவில் விளக்கு, வாசிக்க நிசப்தம் என்று அவனுக்கு வேறெங்கும் கிடைத்திராத ஒரு வாழ்க்கை ஒழுங்கு அது. மனுப்போட்டால் தங்கலாம் என்பது உண்மைதான். ஆனால் இருப்பவன் பெட்டியைக் கட்டினால் போதும். இல்லாதவன் தன் இல்லாமையை எழுதி நிரூபிக்க வேண்டும். எல்லா ஸ்தாபனங்களின் கருணைக்கும் இப்படி ஒரு படிவம் உண்டு.

தங்காத நாட்களுக்கான அறை வாடகையும் சாப்பாட்டுப் பணமும் கணக்கிட்டுத் திருப்பித் தரப்பட்டன. பாடக் கட்டணம் தரப்படவில்லை. ஏப்ரலில் புதிய நியமனங்கள் நிறுத்தப்பட்டன. தலைவரும் அவருக்கு அடுத்த மூத்த அதிகாரிகளும் தங்கள் சம்பளத்தில் 25 சதவீதத்தைக் குறைத்துக்கொண்டார்கள். சமையலறையிலும் துப்புரவிலும் காவலிலும் இருந்த ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு ஊதியம் தொடரும் என்ற உறுதி முதல் அறிவிப்பிலேயே வந்துவிடவில்லை. மாணவர்களும் சங்கங்களும் குரல் எழுப்பிய பிறகு வந்தது. அரசாங்கம் ஒதுக்கிய 86 லட்சம் டாலர் நிவாரணத்தை, ஜனாதிபதி டிரம்ப் பகிரங்கமாகச் சாடியதும், வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். ஜூலை 6ஆம் தேதி அடுத்த கல்வியாண்டுக்கான திட்டம் வந்தது. இளங்கலை மாணவர்களில் 40 சதவீதம் பேர்வரை வளாகத்துக்கு வரலாம். வந்தாலும் வராவிட்டாலும் பாடம் எல்லாம் திரையில்தான். கட்டணம் 49,653 டாலர், ஒரு காசு குறையாது. ஆண்டு முழுவதும் வீட்டிலிருந்தே படிப்பவர்கள் 2021 கோடையில் இரண்டு பாடங்களை இலவசமாகப் படித்துக்கொள்ளலாம் என்றார்கள். அதே சமயத்தில் ப்ரின்ஸ்டன் 10 சதவீதமும் வில்லியம்ஸ் கல்லூரி 15 சதவீதமும் குறைத்திருந்தன. ஆகவே குறைப்பது சாத்தியமில்லாத காரியம் அல்ல.

மாணவர்களின் மனக்குறை என்ன? விலை அப்படியே இருக்கிறது, சரக்கு மாறிவிட்டது. நூலகம் இல்லை, ஆய்வுக்கூடம் இல்லை, ஆசிரியரோடு நடந்துகொண்டே பேச வழியில்லை, மரத்தடி இல்லை. வழக்கும் தொடுக்கப்பட்டது. நேரடி வகுப்பு என்று வாக்களித்தீர்களா, அந்த வாக்கு ஒப்பந்தமா என்று விசாரித்த கூட்டாட்சி நீதிமன்றம் 2021இல் அதைத் தள்ளுபடி செய்தது.

இந்த இடத்தில் எனக்கு ஒரு தயக்கம் வருகிறது. மாணவர்களின் கோபம் நியாயமானது. அந்தக் கோபம் பேசிய பாஷை எனக்கு ஒப்பவில்லை. 'பணம் கொடுத்தேன், பண்டம் சரியில்லை, மிச்சத்தைத் திருப்பிக் கொடு' என்பது கடைவாசலில் நிற்பவனின் பாஷை. பல்கலைக்கழகம் தன்னைக் கடையாக்கிக்கொண்டது என்று குற்றம் சாட்டுகிறவன் தன்னை வாடிக்கையாளனாக்கிக்கொண்டுதான் அதைச் சொல்கிறான். இரண்டு பேரும் ஒரே மதிப்பீட்டு உலகத்தில் நின்று விலை பேசுகிறார்கள். கடைக்காரனும் வாடிக்கையாளனும் சண்டையிடுவதால் கடை பள்ளியாகிவிடாது. இன்னொரு சங்கடமும் இருக்கிறது. முழுக் கட்டணம் செலுத்துகிறவர்கள் யார்? பாதிப்பேருக்கு மேல் உதவித்தொகையில் படிக்கும் இடத்தில், முழுக் கட்டணம் கட்டுகிறவன் வசதியுள்ள வீட்டுப் பிள்ளை. கட்டணத்தைப் பொதுவாகக் குறைத்தால் அந்தப் பணம் போய்ச் சேருவது பெரும்பாலும் அவன் தகப்பனாரிடம். ஐந்து நாளில் பெட்டி கட்டிய ஏழை மாணவனுக்கு அதில் நயா பைசா கிடைக்காது. அவன் கட்டாததை யார் குறைக்க முடியும்?

ஆகவே நான் கேட்க விரும்பும் கேள்வி கட்டணத்தைக் கடந்தது. கணக்கை மட்டும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஏறத்தாழ 6,700 இளங்கலை மாணவர்கள் என்ற வழக்கமான எண்ணிக்கையை வைத்துப் பெருக்கினால், ஒருவருக்கும் உதவித்தொகையே இல்லை என்று வைத்துக்கொண்டால்கூட, ஓராண்டின் மொத்தப் பாடக் கட்டணம் 33 கோடி டாலர். அதில் ஐந்தில் ஒரு பங்கு 6.6 கோடி. 2020 ஜூன் இறுதியில் மூலநிதி 4,190 கோடி. ஆயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லை. அந்தத் தொகையைப் பணக்காரத் தகப்பன்களுக்குக் கொடுக்கவேண்டாம். திரும்பிப் போக வீடில்லாதவனுக்கும், கைபேசித் திரையில் பாடம் கேட்டவனுக்கும், சமையற்கட்டில் பாத்திரம் கழுவியவளுக்கும் கொடுத்திருக்கலாம். ஏன் அது முதலில் தோன்றவில்லை? பேராசை என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. பேராசைக்காரனிடம் விவாதிக்க ஒன்றுமில்லை. அவர்களிடம் ஒரு தர்மநியாயம் இருந்தது. விவாதிக்க வேண்டியது அதனோடுதான்.

அந்த நியாயத்தை அழகாகச் சொன்னவர் ஜேம்ஸ் டோபின் என்ற யேல் பல்கலைக்கழகப் பொருளாதாரவாதி. 1981இல் நோபல் பரிசு பெற்றவர். 1974இல் எழுதிய சிறு கட்டுரையொன்றில் அவர் சொன்னதன் சாரம் இது: மூலநிதியின் பொறுப்பாளர்கள் நிகழ்காலத்தின் கோரிக்கைகளிலிருந்து எதிர்காலத்தைப் பாதுகாக்கும் காவலர்கள், ஸ்தாபனம் என்றென்றும் வாழப்போகிறது, எனவே இன்றைய தலைமுறைக்கும் இன்னும் பிறக்காத தலைமுறைக்கும் இடையே சமநீதி வேண்டும். முதலைத் தொடாதே, விளைச்சலை மட்டும் உண். ஹார்வர்டும் தன் மூலநிதியிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்து சதவீதத்தைத்தான் எடுத்துச் செலவிடுகிறது. அந்த ஐந்து சதவீதமே 2020இல் 200 கோடி டாலர். பல்கலைக்கழக வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்.

இந்த ஏற்பாட்டை அமெரிக்கர்கள்தான் கண்டுபிடித்தார்கள் என்று நினைக்கவேண்டாம். இதற்கு நம் கல்வெட்டுகளில் அற்புதமான ஒரு சொல் இருக்கிறது. சோழர் காலத்தில் கோயிலில் ஒரு நுந்தா விளக்கு எரிய வேண்டுமென்றால் தொண்ணூற்றாறு ஆடுகளைக் கொடுப்பார்கள். மன்றாடி என்று சொல்லப்பட்ட இடையன் அவற்றைப் பெற்றுக்கொண்டு, நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். சந்திரனும் சூரியனும் உள்ளவரை அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குப் பெயர் சாவா மூவாப் பேராடு. சாகாதவை, மூப்படையாதவை. ஆடு சாகாமல் இருக்குமா? கல்லில் வெட்டியவனுக்கும் அது தெரியும். சாகாமல் இருப்பது எண்ணிக்கை. ஒன்று செத்தால் ஒரு குட்டி அதன் இடத்துக்கு வரும். தொண்ணூற்றாறு எப்போதும் தொண்ணூற்றாறுதான். மூலநிதி என்ற கருத்தின் முழு ஸ்வரூபமும் இந்த மூன்று சொற்களில் அடங்கிக் கிடக்கிறது.

சொல்லின் அழகில் மயங்கிப் பழம்பெருமை பேசப் போகிறேன் என்று யாரும் பதறவேண்டாம். அந்த நூற்றாண்டுகளின் கல்விச்சாலைகள் யாருக்குத் திறந்திருந்தன என்பது நமக்குத் தெரியும். எண்ணாயிரத்தில் ராஜேந்திர சோழன் காலத்துக் கல்விச்சாலையில் 340 மாணவர்கள். ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு இத்தனை நாழி நெல் என்று கல்வெட்டு அளந்து சொல்கிறது. வேதம் படித்தவர்களுக்கு அளந்த நெல் அது. நெல்லை விளைவித்தவனின் பிள்ளை அங்கே வாசலைக்கூட மிதித்திருக்க மாட்டான். நான் எடுத்துக்கொள்வது அந்தச் சமூகத்தை அல்ல, அந்தச் சொல்லில் உறைந்த தர்க்கத்தை. கல்வெட்டு ஆட்டைப் பற்றிச் சொல்லிவிட்டு நிற்பதில்லை. ஆடு எதற்கு? நெய்க்கு. நெய் எதற்கு? விளக்குக்கு. மன்றாடியின் கடன் ஆட்டை எண்ணிக் காட்டுவதோடு முடிந்துவிடாது. விளக்கு எரிந்ததா என்பதுதான் கேள்வி. மந்தை இருநூறாகப் பெருகி, கருவறை இருண்டு கிடந்தால், கல்வெட்டின் கணக்குப்படி அவன் கடமை தவறியவன்.

எதிர்வாதம் உடனே வருமென்று தெரியும். விளக்கு அணையும்போலிருக்கும் ஓர் இரவில் பதறிப்போய் ஆட்டை அறுத்து விற்றுவிட்டால், நாளைய இரவுக்கு நெய் ஏது? இது பொருட்படுத்த வேண்டிய கேள்வி. 2008இல் ஹார்வர்ட் அந்தப் பயத்தை நேரிலேயே பார்த்தது. 3,690 கோடியாக இருந்த மூலநிதி ஓராண்டில் 2,600 கோடியாக இறங்கியது. அவசரமாக 250 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட்டார்கள். ஆற்றுக்கு அப்பால் எழும்பிக்கொண்டிருந்த அறிவியல் கட்டிடத்தை நிறுத்தினார்கள். விடுதிகளில் வாரநாட்களின் சூடான காலை உணவையும் நிறுத்தினார்கள். கவனியுங்கள். இரண்டாயிரத்து அறுநூறு கோடி டாலர் கையில் இருக்கும்போது முட்டைப்பொரியல் நின்றது. 2020 மார்ச்சில் சந்தை சரிந்தபோது அந்த நினைவு அவர்களை ஆட்டியிருக்கும். நிதியில் பெரும்பகுதி கொடையாளிகள் இன்ன காரியத்துக்கென்று கட்டிக்கொடுத்தது, நினைத்தபடி எடுக்க முடியாது என்றும் சொல்வார்கள். பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தனித்தனி நிதிகளின் கூட்டு அது என்பது வாஸ்தவம். ஆனால் கட்டில்லாத பகுதியே நூற்றுக்கணக்கான கோடிகள் வரும். ஆயிரத்தில் இரண்டு பங்குக்கு இந்தச் சமாதானம் மிகப் பெரியது.

டோபினின் தர்மத்துக்கே வருகிறேன். பிறக்காத மாணவனுக்கும் உரிமை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. என் சந்தேகம் வேறு. பிறக்காதவன் வந்து பேசமாட்டான். அவனுக்காக யாரோ ஒருவர்தான் பேச வேண்டியிருக்கிறது. அந்த யாரோ எப்போதும் கணக்கை வைத்திருப்பவராகவே இருக்கிறார். இன்று வாசலில் நிற்கும் மாணவனுக்குக் குரல் இருக்கிறது, முகம் இருக்கிறது, கோபம் இருக்கிறது; அவன் சொல்வது தவறென்றால் தவறு என்று அவனிடமே சொல்லிவிடலாம். வராதவனின் குரலோ பொறுப்பாளருக்கு எந்த நாளும் எதிராகப் பேசுவதில்லை. அவன் ஒருபோதும் மகாசபை கூட்டுவதில்லை, வேலிக் கம்பியை உலுக்குவதில்லை. இவ்வளவு சௌகரியமான ஒரு ஜீவனுக்காகத் தியாகம் செய்கிறேன் என்று அதிகாரம் சொல்லும்போது நாம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஹென்றி ஹான்ஸ்மன் என்ற யேல் சட்டப் பேராசிரியர் 1990இல் இதையே வேறு பக்கத்திலிருந்து கேட்டார்: வருங்காலத் தலைமுறை நம்மைவிடச் செல்வத்தில் உயர்ந்திருக்கப்போகிறது என்று எல்லோரும் எதிர்பார்க்கும்போது, இன்றைய ஏழை நாளைய பணக்காரனுக்காக ஏன் சேமிக்க வேண்டும்? ஆபத்துக்காலத்துக்கென்று ஒதுக்கி வைப்பது புரிகிறது. அப்படியானால் நூறாண்டுக்கு ஒருமுறை வரும் கொள்ளைநோய் ஆபத்துக்காலமில்லையா? குதிருக்குள் நெல்லை வைத்துக்கொண்டு, இதைவிடப் பெரிய பஞ்சம் வரும் என்று ஒவ்வொரு பஞ்சத்திலும் சொல்லிக்கொண்டிருந்தால், அந்த நெல்லை யாருமே உண்ணப்போவதில்லை.

பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். 2021 ஜூன் இறுதியில் மூலநிதி 5,320 கோடி. ஓராண்டில் 33.6 சதவீத ஈட்டம். 1,130 கோடி டாலர் கூடியது. பல்கலைக்கழகத்தின் நடப்புக் கணக்கில் 28 கோடியே 30 லட்சம் உபரி. வகுப்பறைகள் வெறுமையாய்க் கிடந்த ஆண்டுதான் மந்தை இப்படிப் பெருகியது. இது முன்கூட்டித் தெரியாது, ஆகவே இதை வைத்து அவர்களைக் குற்றம் சொல்லக்கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். தெரிந்த பிறகு என்ன தோன்றியது என்று கேட்கலாம் அல்லவா? அந்த ஆண்டைத் திரைமுன் கழித்தவனின் இளமையில் ஒரு வருஷம், அதற்கு ஈட்டம் கிடையாது. அவனுடைய முதல் கரைந்துபோன முதல்.

பணம் குறைந்த இடங்களில் வேறு விதமான கதை. இங்கிலாந்தில் பல்கலைக்கழகங்கள் அப்போது ஆண்டுக்கு 9,250 பவுண்டு கட்டணத்திலும் விடுதி வாடகையிலும் வெளிநாட்டு மாணவர்களின் வரவிலும் ஓடிக்கொண்டிருந்தன. 2020 செப்டம்பரில் மாணவர்களை வளாகங்களுக்கு வரச்சொன்னார்கள். வந்தார்கள், வந்த சில வாரங்களில் நோயும் வந்தது. மான்செஸ்டர் மெட்ரோபொலிட்டன் பல்கலைக்கழகத்தில் 1,700 மாணவர்கள் விடுதிகளுக்குள் அடைபட்டார்கள். நவம்பர் 5ஆம் தேதி, இரண்டாவது தேசிய ஊரடங்கு தொடங்கிய அன்று, மான்செஸ்டர் பல்கலைக்கழகம் தன் ஃபாலோஃபீல்ட் விடுதிகளைச் சுற்றி ஆளுயர இரும்பு வேலி எழுப்பியது. வெளியாட்கள் வராமலிருக்கவும் மாணவர்கள் கலந்து பழகாமலிருக்கவும் என்றார்கள். அன்றிரவே மாணவர்கள் அதைப் பிடுங்கி எறிந்தார்கள். துணைவேந்தர் மன்னிப்புக் கேட்டார். வாடகைப் போராட்டம் தொடர்ந்தது. முதல் பருவத்து வாடகையில் 30 சதவீதம் குறைக்கப்பட்டது.

அந்த வேலியை நான் ஒரு படிமமாகவே பார்க்கிறேன். பணக்காரப் பல்கலைக்கழகம் மாணவனை ஐந்து நாளில் வெளியே அனுப்ப முடிந்தது, அவன் வாடகையை நம்பி அது இல்லை என்பதால். அவ்வளவு வசதி இல்லாத பல்கலைக்கழகம் அவனை உள்ளே அழைத்து வேலி போட்டது. இரண்டுக்கும் நடுவில் நின்ற மாணவன் ஒரே மாணவன்தான்: இங்கே இல்லாமலும் பணம் கட்டுகிறவன், அங்கே இருப்பதற்காகவே பணம் கட்டுகிறவன். முட்டாள்தனமோ கொடூரமோ இதில் இல்லை. இரண்டு இடத்திலும் படித்தவர்கள், நல்லவர்கள், குழந்தை குட்டி உள்ளவர்கள்தாம் முடிவெடுத்தார்கள். மாணவன் என்பவன் யார் என்ற கேள்வி அவர்களுடைய கணக்கேட்டில் வரவு என்ற பத்தியில் ஏற்கனவே பதில் எழுதப்பட்டுவிட்டிருந்தது. புதிதாக யோசிக்க அந்தப் பத்தி இடம் தரவில்லை.

ஒரே ஒரு தருணத்தில் அந்தப் பத்தி கிழிந்தது. அதையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையற்றவன். கட்டண அறிவிப்பு வந்த அதே ஜூலை 6ஆம் தேதிதான், இணையவழியில் மட்டும் படிக்கும் அயல்நாட்டு மாணவர்கள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டுமென்று அமெரிக்கக் குடியேற்றத் துறை சொன்னது. நம் பிள்ளைகளும் ஆயிரக்கணக்கில் அதில் இருந்தார்கள். எட்டாம் தேதி ஹார்வர்டும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் பாஸ்டன் நீதிமன்றத்துக்குப் போயின. 14ஆம் தேதி அரசு உத்தரவைத் திரும்பப் பெற்றது. எட்டு நாள். அந்த எட்டு நாளில் பல்கலைக்கழகம் தன் மாணவனை வாடிக்கையாளனாகப் பார்க்கவில்லை, தன்னைச் சேர்ந்தவனாகப் பார்த்தது. 2025 ஏப்ரலில் அரசு விதித்த நிபந்தனைகளை ஹார்வர்ட் மறுத்ததும், 220 கோடி டாலர் மானியம் முடக்கப்பட்டதும், அது மறுபடி நீதிமன்றம் சென்று செப்டம்பரில் சாதகமான தீர்ப்புப் பெற்றதும் இதே முதுகெலும்பின் வேலை. முதலைக் காப்பவர்களின் மிகச் சிறந்த வாதம் இதுதான் என்று எனக்குப் படுகிறது. சாவா மூவா ஆடு வைத்திருப்பவன் ராஜாவிடம் முடியாது என்று சொல்லலாம். இல்லாதவன் சொல்வது கஷ்டம். கொலம்பியா போன்ற இடங்கள் அதே ஆண்டில் பணிந்ததைப் பார்க்கும்போது, ஆடு இருந்தால் மட்டும் போதாது என்பதும் தெரிகிறது.

ஆக, முதல் என்பது சுதந்திரம். ஒப்புக்கொள்கிறேன். சுதந்திரம் வெளியே அரசனைப் பார்த்து மட்டும் பிரயோகிக்கப்படுவதா, உள்ளே தன் கணக்கேட்டைப் பார்த்தும் பிரயோகிக்கப்படுவதா? ராஜாவிடம் முடியாது என்று சொல்லத் தைரியம் தரும் அதே செல்வம், தன் நிதி மேலாளரிடம் 'இந்த ஆண்டு ஐந்து சதவீதம் போதாது' என்று சொல்லத் தைரியம் தரவில்லையென்றால், அங்கே யார் ராஜா?

இதில் நமக்கு என்ன என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த மந்தையில் நம் ஆடும் நிற்கிறது. ஹார்வர்டில் தமிழ் இருக்கை அமைக்க 60 லட்சம் டாலர் வேண்டுமென்றார்கள். அமெரிக்காவில் வாழும் இரண்டு தமிழ் மருத்துவர்கள் தொடங்கி வைத்தார்கள். 2017இல் தமிழக அரசு 10 கோடி ரூபாய் அறிவித்தது. உலகமெங்குமிருந்து சின்னதும் பெரியதுமாகப் பணம் போனது. எனக்குத் தெரிந்த ஓர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் தன் ஓய்வூதியத்திலிருந்து ஆயிரம் ரூபாய் அனுப்பிவிட்டு, அதன் ரசீதை நிகண்டுக்குள் மடித்து வைத்திருக்கிறார். 4,000 கோடி டாலருக்குமுன் அந்த ஆயிரம் ரூபாய் என்னவாகும் என்று அவரைக் கேலி செய்தவர்கள் உண்டு. அவர் தந்தது விளக்குக்கு. மொழி எங்கோ ஓர் அறையில் எரிந்துகொண்டிருக்க வேண்டும் என்று தந்தார். அது மந்தையோடு மந்தையாகப் போய்ச் சேர்ந்துவிட்டது; இனி எந்த ஆடு அவருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் தந்தவன் என்ற முறையில் நாம் ஒரு கேள்வி கேட்கலாம்: விளக்கு எரிகிறதா? எங்கள் இருக்கை இருக்கிறதா என்று மட்டும் கேட்டுத் திருப்தியடைந்தால் நாமும் ஆட்டை எண்ணுகிறவர்களாகிவிடுவோம். அந்த இருக்கையின் எதிரே உட்காரும் பிள்ளையை ஆபத்துக் காலத்தில் எப்படி நடத்துகிறீர்கள் என்பதும் எங்கள் கேள்விதான்.

செங்கல்பட்டுப் பக்கம், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வீரராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டொன்று இருக்கிறது. பதினோராம் நூற்றாண்டு. கோயிலோடு சேர்ந்த கல்விச்சாலை, மாணவர் விடுதி, பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலை எல்லாம் ஒரே ஏற்பாட்டில் அடங்கியிருக்கின்றன. சாதியின் எல்லைக்குள் சிறைப்பட்ட ஏற்பாடுதான். ஆனால் அந்த எல்லைக்குள் ஒரு விஷயம் அவர்களுக்குத் தெளிவாக இருந்தது. படிக்கிறவன் உடம்போடு வருகிறான். அவனுக்குப் பசிக்கும், அவன் குளிக்க வேண்டும், அவனுக்கு நோய் வரும். பாடத்துக்கும் படுக்கைக்கும் தனித்தனி ரசீது போட அவர்களுக்குத் தோன்றவில்லை. தங்காத நாளுக்கு வாடகையைத் திருப்பித்தந்து, பாடத்துக்கு முழுப்பணமும் வாங்கியபோது, நவீனப் பல்கலைக்கழகம் மாணவனை உடம்பு வேறு, அறிவு வேறு என்று கூறுபோட்டது. உடம்பை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அறிவை மட்டும் திரையில் தொடரலாம் என்றது. இந்தப் பிரிவினைதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கவலை தருகிறது. கட்டணம் கூடும், குறையும். இந்தப் பிரிவினை ஒருமுறை வசதியாகத் தோன்றிவிட்டால் திரும்பிப் போகாது.

முதலே இல்லாத ஸ்தாபனங்கள் சில எனக்குத் தெரியும். இதைப் படிக்கும் உங்களுக்கும் தெரியும். 'எழுத்து' 1959இல் தொடங்கி 1970இல் நின்றது. அதற்குத் தொண்ணூற்றாறு ஆடு எவரும் எழுதிவைக்கவில்லை. சந்தாப் பணம் அடுத்த இதழின் காகிதத்துக்கே போதாத நிலையில், வந்ததையெல்லாம் அந்தந்த மாதமே எரித்துத்தான் அது வெளிச்சம் தந்தது. வருங்கால வாசகனுக்கென்று அது எதையும் சேமித்து வைக்கவில்லை. எதிரே இருந்த சில நூறு பேருக்காக முழுவதையும் செலவழித்தது. அந்த வருங்கால வாசகர்களில் நானும் ஒருவன். எனக்குக் குறை ஏதும் வைத்துவிட்டுப் போனதாகத் தெரியவில்லை.